நஞ்சைத் தின்று வளரும் பச்சை அந்து

உங்கள் வீட்டு வாசலில் அரளியோ நந்தியாவட்டையோ நிற்கிறதா? நித்தியகல்யாணியாவது இருக்குமே! தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றாவது கண்ணில் படும். கோயில் நந்தவனத்தில் செவ்வரளி, வீட்டு முற்றத்தில் நந்தியாவட்டை, சுவரோரம் தானே முளைத்த நித்தியகல்யாணி. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் நஞ்சுடையவை. அரளியை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

ஆனால் ஆடும் மாடும் அஞ்சும் இந்தச் செடியில் ஒருநாள் காலை ஒரு கிளை மொட்டையாக நிற்கும். கொழுந்து இலைகள் காம்போடு காணாமல் போயிருக்கும். கீழே தரையில் மிளகளவில் கரும்பச்சைப் புழுக்கைகள் சிதறிக் கிடக்கும். உற்றுப் பாருங்கள். உங்கள் நடுவிரல் நீளத்தில், அதைவிடத் தடித்த பச்சைப் புழு ஒன்று இலைநரம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அதன் வால் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் குட்டையான கொம்பு ஒன்று இருக்கும்.

"ஐயோ, கொம்புப் புழு! கொட்டிவிடும்!" என்று அதை நசுக்கிவிடுகிறவர்களே மிகுதி. பொறுங்கள். அந்தக் கொம்பு மெத்தென்று வளையும். அதில் நஞ்சும் இல்லை, கொடுக்கும் இல்லை. இந்தப் புழு சில வாரங்களில் நம் தோட்டங்களின் மிக அழகிய அந்துப்பூச்சிகளில் ஒன்றாக மாறப்போகிறது. அதைவிடப் பெரிய செய்தி, அது நஞ்சைத் தின்றும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான்.

பெயரும் உருவமும்

இதன் பெயர் அரளிப் பருந்து அந்து. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரீ. அரளியின் அறிவியல் பெயர் நீரியம். அதிலிருந்து வந்ததே 'நெரீ'. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலார் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். பருந்து அந்துகள் அனைத்தையும் அவர் 'ஸ்பிங்க்ஸ்' என்ற ஒரே பிரிவில் வைத்தார். இவற்றின் புழுக்கள் ஓய்வாக இருக்கும்போது முன்னுடலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி, எகிப்து நாட்டு ஸ்பிங்க்ஸ் சிலை போலவே காட்சி தரும். பூச்சியின் கூரிய நீண்ட சிறகும் வேகமும் பருந்தை நினைவூட்டுவதால் 'பருந்து அந்து' என்ற பெயர் வழக்கில் நின்றது.

சிறகை விரித்தால் நுனிக்கு நுனி 9 முதல் 11 செ.மீ. இருக்கும். கரும்பச்சை, இளம்பச்சை, வெண்மை, இளஞ்சிவப்பு எல்லாம் குழைத்துத் தீட்டிய ஓவியம் போன்ற சிறகு. படைவீரர் சீருடையில் பச்சையைத் திட்டுத்திட்டாக அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? அதே உத்திதான். பகலில் இலைகளுக்கிடையே சிறகை மடித்து அமர்ந்துவிட்டால் எதிரில் நின்றாலும் நம் கண்ணுக்குப் புலப்படாது. பளிச்சென்ற நிறங்களே அதை மறைத்துவிடுகின்றன!

இந்தியாவின் பருந்து அந்துகளைப் பற்றி டி.ஆர். பெல், எஃப்.பி. ஸ்காட் என்ற இருவர் எழுதிய பெரிய நூல் 1937இல் வெளிவந்தது. பெல் கார்வார் பகுதியில் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். புழுக்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, அவை எந்தச் செடியைத் தின்கின்றன, எப்படி மாறுகின்றன என்று குறித்து வைத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பொறுமையை மட்டும் வைத்துச் செய்த ஆராய்ச்சி அது.

முட்டை முதல் அந்து வரை

தாய் அந்து இருட்டியபின் வந்து, இளம் இலைகளில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டை இளம்பச்சை நிறம். கடுகை விடக் கொஞ்சம் தடிப்பம் இல்லை. ஒரே இடத்தில் குவிக்காமல் தனித்தனியே இடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிளையில் பத்துப் புழு பிறந்தால் எல்லாவற்றுக்கும் இலை போதாது. ஒன்றைக் கண்ட பறவை மற்றவற்றையும் தின்று தீர்த்துவிடும்.

பொரிந்து வரும் புழு 3, 4 மில்லிமீட்டர்தான். அப்போது அது பச்சை இல்லை, பளபளப்பான மஞ்சள். உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கறுப்புக் கொம்பு ஒன்று பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இலையைத் தின்னத் தின்ன உடல் பச்சையாகும். தோல் வளராது, எனவே இறுகிய சட்டையைக் கழற்றுவது போல நான்கு முறை தோலுரிக்கும். ஐந்தாம் பருவத்தில் 7, 8 செ.மீ. நீளத்தை எட்டும். பக்கவாட்டில் வெண்கோடும் வெண்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். நீண்டிருந்த கொம்போ குட்டையாகி மஞ்சள் நிறம் பெற்றுவிடும்.

இந்த வளர்ச்சி எவ்வளவு பெரியது தெரியுமா? இதன் உறவினமான அமெரிக்கப் புகையிலைப் பருந்து அந்தின் புழுவை ஆய்வுக்கூடங்களில் எடை போட்டிருக்கிறார்கள். பொரியும்போது ஏறத்தாழ 1 மில்லிகிராம். மூன்று வாரத்துக்குள் ஏறத்தாழ 10 கிராம். அதாவது பத்தாயிரம் மடங்கு! 3 கிலோ எடையில் பிறந்த குழந்தை இதே விகிதத்தில் வளர்ந்தால் மூன்று வாரத்தில் 30 டன் ஆகிவிடும். ஆறு யானைகளின் எடை! கிளை ஏன் ஒரே இரவில் மொட்டையானது என்பது இப்போது விளங்குகிறதா?

வளர்ச்சி முடிந்ததும் புழு தின்பதை நிறுத்தும். பச்சை நிறம் மறைந்து பழுப்பாகும். செடியை விட்டிறங்கித் தரையில் வேகமாக ஊர்ந்து சருகுக்கடியில் ஒதுங்கும். பச்சை இலைமேல் பச்சை, பழுப்புத் தரைமேல் பழுப்பு! அங்கே சருகுகளை நூலால் தைத்து ஒரு மெல்லிய கூட்டை அமைத்து, அதற்குள் கூட்டுப்புழுவாக மாறும். வெளிர் பழுப்பு உடலில் ஒரு கரிய கோடும், மூச்சுத்துளைகள் இருக்கும் இடங்களில் கரும்புள்ளிகளும் இருப்பதைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். வெயில் காலத்தில் இரண்டு வாரம் அளவில் அந்து வெளியே வரும்.

கண் காட்டி மிரட்டும் புழு

புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடலை வளைக்கும். உடனே மடிப்புக்குள் மறைந்திருந்த இரண்டு பெரிய 'கண்கள்' உங்களை முறைத்துப் பார்க்கும்! கரிய விளிம்பு, நீல வளையம், நடுவில் வெள்ளை ஒளி. பாம்பு தலை தூக்கியது போல ஒரு கணம் திடுக்கிடுவீர்கள்.

அவை கண்களே அல்ல; தோலில் அமைந்த வெறும் நிறப் புள்ளிகள். புழுவின் உண்மையான கண்கள் தலையில் ஊசிமுனை அளவில் இருக்கின்றன. மைனாவோ செம்போத்தோ கொத்த வரும்போது ஒரு நொடி தயங்கினாலும் போதும், புழு பிழைக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் எல்லாப் பகைவர்களையும் இப்படி ஏமாற்ற முடியாது. சில ஈக்களும் சிறு குளவிகளும் புழுவின் உடலிலேயே முட்டையிட்டுவிடும். அவற்றின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அந்த ஈக்கு நீலக் கண்ணைப் பற்றிய அச்சமே கிடையாது.

அரளி நஞ்சு என்ன செய்கிறது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் ஒரு நுண்ணிய எந்திரம் உண்டு. அது சோடியம் அயனிகள் மூன்றை வெளியே தள்ளி, பொட்டாசியம் அயனிகள் இரண்டை உள்ளே எடுத்துக்கொள்ளும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பு போல ஓயாமல் வேலை செய்யும். இதை 'சோடியம்-பொட்டாசியம் பம்பு' என்பார்கள். நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் சீராகத் துடிப்பதும் இந்தப் பம்பினால்தான்.

அரளியில் ஒலியாண்ட்ரின் முதலிய இதய கிளைக்கோசைடுகள் உள்ளன. இவை நேராகப் போய் அந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகின்றன. பம்பு நின்றால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எனவேதான் அரளியின் இலை, பூ, காய், வேர் எதையும் வாயில் வைக்கவே கூடாது. அளவாகப் பயன்பட்டால் இதே இனத்தைச் சேர்ந்த பொருள் மருந்தும் ஆகும். டிஜிட்டாலிஸ் என்ற செடியின் இலை இதய நோயாளிகளுக்குப் பயன்படுவதை வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இல் விளக்கி எழுதினார். அந்த இனச் செடியிலிருந்து கிடைத்த டிகாக்சின் என்ற மருந்தை இன்றும் மருத்துவர்கள் அளந்து தருகிறார்கள்.

சரி, புழு மட்டும் எப்படித் தப்புகிறது? அமெரிக்காவின் மன்னர் வண்ணத்துப்பூச்சி நம் ஊர் எருக்கஞ்செடியின் இனத்தைச் சேர்ந்த செடிகளைத் தின்கிறது. அவற்றிலும் இதே வகை நஞ்சு உண்டு. அந்தப் பூச்சியின் பம்பின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது. சாவி நுழையாதபடி பூட்டை மாற்றிவிட்டது போல, நஞ்சு அதில் ஒட்டுவதில்லை. அரளிப் புழுவும் இப்படித்தான் செய்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும் அல்லவா?

ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். 2009இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அரளிப் புழுவின் பம்பு சிறிதும் மாறவில்லை! நஞ்சு பட்டால் அதுவும் நின்றுதான் போகும். ஆனால் நஞ்சைப் புழுவின் உடலுக்குள் ஊசியால் செலுத்தினாலும் அது சாகவில்லை. பூட்டு பழையதே, ஆயினும் திருடன் உள்ளே வரவில்லை. எப்படி?

விடை 2013இல் வந்தது. புழுவின் நரம்பு வடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதுதான் காவல். நீரில் எளிதில் கரையும் வகை நஞ்சை அந்த உறை ஒரு சுவர் போல நின்று தடுத்துவிடுகிறது. கொழுப்பில் கரையும் வகை எந்தச் சுவரிலும் ஊடுருவிவிடும். அதற்கு வேறு ஏற்பாடு. உறையில் உள்ள ஒருவகைப் புரதங்கள் நுழையும் நஞ்சைப் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. இந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைச் சேர்த்தபோது காவல் தளர்ந்தது. நஞ்சு உள்ளே போயிற்று. புழு நஞ்சோடு போரிடவில்லை. அதை மூளைக்கும் நரம்புக்கும் அண்டவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, 'புழுவின் கதை நமக்கெதற்கு?' என்று எண்ணாதீர்கள். இதே வகைப் புரதம் நம் உடலிலும் உண்டு. நம் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் நின்று வேண்டாத பொருள்களை வெளியே தள்ளுகிறது. ஆனால் சில புற்றுநோய் அணுக்களும் இதைக் கற்றுக்கொண்டுவிடுகின்றன! நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகள் இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்குக் கொடுக்கப்படுகின்றன. புற்றணு இந்தப் புரதத்தைக் கொண்டு அம்மருந்தை வெளியே தள்ளிவிட்டால் மருந்து பலிக்காது. வாசலில் நிற்கும் புழுவும் மருத்துவமனையில் இருக்கும் நோயாளியும் ஒரே புரதத்தால் இணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இருளில் நிறம் காணும் கண்

மாலை மங்கியதும் அந்து விழித்துக்கொள்ளும். உடனே பறக்காது. முதலில் சிறகைப் படபடவென்று நடுக்கும். குளிரில் நமக்கு உடல் நடுங்குவது போலத் தசைகளை நடுக்கி மார்புப் பகுதியைச் சூடேற்றுகிறது. போதிய சூடு ஏறிய பிறகே கிளம்பும். பூவின் முன்னால் தேன்சிட்டு போல அந்தரத்தில் நின்று, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டித் தேனைக் குடிக்கும். மல்லிகை, மரமல்லி போன்று இரவில் மணக்கும், நீண்ட குழாயுள்ள வெள்ளைப் பூக்கள் பருந்து அந்துகளுக்காகவே அமைந்தவை போலிருக்கும்.

மடகாஸ்கர் தீவின் ஓர் ஆர்க்கிட் பூவில் தேன்குழாய் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் இருப்பதைக் கண்ட சார்லஸ் டார்வின், 'இவ்வளவு நீளக் குழலுள்ள அந்து ஒன்று அங்கே இருந்தாக வேண்டும்' என்று 1862இல் எழுதினார். அத்தகைய பருந்து அந்து 1903இல் பெயர் சூட்டப்பட்டு அறிவிக்கப்பட்டது. அதற்குள் டார்வின் மறைந்து இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

நட்சத்திர ஒளியில் நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பருந்து அந்து ஒன்றை அதே மங்கல் ஒளியில் சோதித்தபோது அது நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறிந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2002இல் இதை அறிவித்தார்கள். நமக்குக் கும்மிருட்டாகத் தோன்றும் தோட்டம் அதற்கு வண்ணத் தோட்டம்!

விளக்கொளியில் பூச்சிகள் ஏன் சுற்றுகின்றன என்பது நெடுநாள் புதிர். பூச்சிகள் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பறக்கின்றன. வானம் மேலே இருக்கும்வரை இது சரி. விளக்கு பக்கத்தில் இருந்தால் உடல் சாய்ந்து, பாதை வளைந்து, சுற்றத் தொடங்கிவிடுகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் விதிவிலக்காக நின்ற இரண்டு பூச்சிகளில் ஒன்று யார் தெரியுமா? நம் அரளிப் பருந்து அந்து! அது சாயாமல் விளக்கைக் கடந்து நேராகப் பறந்தது.

வௌவாலுக்கும் இக்குடும்பம் பதில் வைத்திருக்கிறது. மலேசியாவில் சோதித்த மூன்று வகைப் பருந்து அந்துகள், வௌவாலின் கேளா ஒலியைக் கேட்டதும் வயிற்று நுனியை உராய்ந்து தாமும் கேளா ஒலி எழுப்பின. இது 2013இல் வெளியான செய்தி. அது வௌவாலின் எதிரொலிக் கணக்கைக் குழப்பிவிடும் எனக் கருதுகிறார்கள். அம்மூன்றில் தெரெட்ரா நெஸ்ஸஸ் என்பது நம் நாட்டிலும் உண்டு.

பள்ளத்தாக்கின் உறவினர்கள்

1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டதிலிருந்து முல்லைப் பெரியாற்று நீர் இப்பள்ளத்தாக்கை வளப்படுத்தி வருகிறது. நெல், வாழை, தென்னை, திராட்சை எல்லாம் விளைகின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பயிர் வகை பெருகினால் அந்து வகையும் பெருகும் அல்லவா? திராட்சைக் கொடியின் இலையைத் தின்னும் பருந்து அந்துகள் உண்டு. ஹிப்போட்டியான் செலிரியோ அவற்றில் ஒன்று. அது சேம்பிலையையும் தின்னும். எள் வயலில் மண்டையோட்டு அந்தின் புழு தென்படும். வளர்ந்த அந்து தேன்கூட்டுக்குள் புகுந்து தேனைத் திருடும், பிடித்தால் கிறீச்சிடும்! சர்க்கரைவள்ளிக் கொடிக்கு ஒன்று, களாச் செடிக்கு ஒன்று. காப்பிச் செடியை உண்ணும் ஒன்றோ பகலில் பறக்கும். முதல் பறப்பிலேயே சிறகின் செதில்கள் உதிர்ந்து, கண்ணாடி போன்ற சிறகோடு வண்டு போலத் திரியும்.

அப்படியானால் இவை பகையா, நட்பா? திராட்சையில் புழு மிகுந்தால் உழவருக்கு இழப்புத்தான், மறுக்க முடியாது. அரளியிலோ நான்கு இலை போனால் பத்து இலை துளிர்க்கும். மறுபுறம், கென்யா நாட்டில் பப்பாளித் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் பப்பாளிக்கு மகரந்தம் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் பருந்து அந்துகளே என்று 2009இல் எழுதினார்கள். அரளி அந்தும், திராட்சையைத் தின்னும் ஹிப்போட்டியானும் அந்தப் பட்டியலில் இருந்தன. புழுவாக இலையைத் தின்ற அதே உயிர், அந்தாகிப் பழத்தைக் கொடுக்கிறது. மருந்து தெளிக்கும்போது தீமை செய்யும் புழுவும் செய்யாத புழுவும் சேர்ந்தே மடிகின்றன. எது எது என்று அறிந்தவர்தான் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்ல முடியும். அந்த அறிவு நசுக்குவதால் வராது, கவனிப்பதால் வரும்.

நீங்களே வளர்த்துப் பாருங்கள்

மழைக்குப் பிறகு துளிர் விடும் காலத்தில் அரளி, நந்தியாவட்டைச் செடிகளின் அடியில் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள், புழு அகப்படும். அட்டைப்பெட்டி ஒன்றில் நான்கு விரல் உயரத்துக்கு ஈரப்பதமுள்ள மண்ணும் அதன்மேல் சருகும் பரப்பி, புழுவை இலைக்கிளையோடு அதில் விடுங்கள். வாயைக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையை நாள்தோறும் புதிதாக வையுங்கள். இலையைத் தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவும் முன் கண்ணையோ வாயையோ தொடக் கூடாது. சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் எட்டாத இடத்தில் பெட்டி இருக்கட்டும்.

ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நீளத்தை எழுதுங்கள். எத்தனை இலை தின்றது, எந்த நாளில் தோலுரித்தது, எந்த நாளில் பழுப்பானது என்று குறியுங்கள். வரைபடத் தாளில் நாளை ஓர் அச்சிலும் நீளத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால் வளர்ச்சியின் கோடு கிடைக்கும். கூட்டிலிருந்து அந்துக்குப் பதில் ஈ வெளிவந்தால் ஏமாற வேண்டாம், அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

அந்து வெளிவந்தால் சிறகு விரிந்து உலரும்வரை தொடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் பெட்டியைச் செடியருகே கொண்டுபோய்த் திறந்து வையுங்கள். சிறிது நேரம் சிறகை நடுக்கும். பிறகு ஒரே வீச்சில் இருளுக்குள் போய்விடும். அந்த நடுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைக் குறித்துக்கொள்ள மறவாதீர்கள்.